ஓர் இடத்தின் நிலநடுக்க அபாயத்தை மதிப்பிடுவது எப்படி? புதியவர்களுக்கான படிப்படியான வழிகாட்டி

ஒரு பாலத்துக்கோ மருத்துவமனைக்கோ தேர்ந்தெடுத்த நிலத்தைக் காட்டி, "இங்கே நிலநடுக்கம் வருமா?" என்று கேட்பவருக்கு நிலநடுக்கவியலால் ஆம் என்றோ இல்லை என்றோ விடை சொல்ல முடியாது. எந்த நாளில், எந்த இடத்தில், எவ்வளவு பெரிய நடுக்கம் எழும் என்று முன்கூட்டியே சொல்லும் முறை இதுவரை எவரிடமும் இல்லை. ஆனால் கட்டுபவருக்கு அதைவிடப் பயன்படும் வேறொரு கேள்விக்கு விடை உண்டு. இந்த நிலம் எவ்வளவு கடுமையாக ஆடக்கூடும், அத்தகைய ஆட்டத்தைச் சராசரியாக எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை எதிர்பார்க்கலாம் என்பதே அந்தக் கேள்வி. அதற்கு விடை காணும் முறைக்குத்தான் நிலநடுக்க அபாய மதிப்பீடு என்று பெயர்.

கட்டுமானப் பொறியியலோ புவியியலோ படித்துவிட்டு முதன்முறையாக இந்த வேலையில் இறங்குபவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மென்பொருளில் எண்களை இட்டால் விடை வந்துவிடும், அது எளிது. வந்த விடையை எவ்வளவு நம்பலாம் என்று அறிவதுதான் கடினம். ஆகவே ஒவ்வொரு படியிலும் என்ன செய்ய வேண்டும் என்பதோடு, எங்கே ஏமாந்துபோக நேரிடும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தொடங்கும் முன்: மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

நடுக்க அளவு என்பது நிலத்தடிப் பாறையிலுள்ள பிளவில் நிகழ்ந்த உடைவின் பருமனைக் குறிக்கும் எண். ஒரு நடுக்கத்துக்கு அது ஒன்றே ஒன்றுதான். நீங்கள் எங்கே நின்றாலும் மாறாது. சார்லஸ் ரிக்டர் 1935-இல் தெற்கு கலிபோர்னியாவுக்காக வகுத்த அளவுகோலின் பெயரே செய்திகளில் இன்றும் வழங்கினாலும், பெரிய நடுக்கங்களுக்கு இப்போது பயன்படுவது 1979-இல் தாமஸ் ஹாங்க்ஸும் ஹிரூ கனமோரியும் வகுத்த திருப்புத்திறன் அளவு. அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்காகிறது. இரண்டு கூடினால் 1,000 மடங்காகிறது.

தீவிரம் என்பது குறிப்பிட்ட ஓரிடத்தில் உணரப்பட்ட ஆட்டமும் அங்கு நேர்ந்த சேதமும். மெர்காலி அளவுகோலில் அதற்குப் பன்னிரண்டு படிகள் உண்டு. ஒரே நடுக்கத்துக்கு ஊருக்கு ஊர், சில வேளைகளில் தெருவுக்குத் தெரு, தீவிரம் மாறும். பொறியாளர்கள் தீவிரத்துக்குப் பதிலாகக் கருவிகள் பதிந்த நில முடுக்கத்தை, புவியீர்ப்பு முடுக்கத்தின் பங்காகச் சொல்வார்கள்.

மூன்றாவது, அபாயத்துக்கும் இடருக்கும் உள்ள வேறுபாடு. நிலம் ஆடக்கூடும் என்பது அபாயம். அந்த ஆட்டத்தால் உயிரும் உடைமையும் எவ்வளவு இழக்க நேரும் என்பது இடர். ஆளில்லாப் பாலைவனத்தில் அபாயம் மிகுந்திருந்தாலும் இடர் இல்லை. அபாயம் நடுத்தரமாக உள்ள நகரத்தில் வலுவற்ற கட்டடங்கள் நெருங்கி நின்றால் இடர் மிகப் பெரிது. இந்தக் கட்டுரை அபாயத்தோடு நிற்கிறது. இடரைக் கணக்கிட விரும்புபவருக்கும் இதுவே முதல் பாதி.

முதல் படி: எதற்காக மதிப்பிடுகிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

இரண்டு மாடி வீட்டுக்கும் இருபது மாடிக் கட்டடத்துக்கும் ஒரே எண் போதாது. ஒவ்வொரு கட்டடமும் தனக்கே உரிய அலைவுக்காலத்தில் ஆடுகிறது. மாடிக்குச் சுமார் 0.1 விநாடி என்பது தோராயமான கணக்கு. எட்டு மாடிக் கட்டடம் ஒருமுறை அப்படியும் இப்படியும் ஆடி முடிக்க ஏறத்தாழ 0.8 விநாடி ஆகும். ஆகவே உச்ச நில முடுக்கம் ஒன்றை மட்டும் கணக்கிட்டுக் கொடுப்பது அரைகுறை வேலை. கட்டடத்தின் அலைவுக்காலத்துக்குரிய முடுக்கமும் வேண்டும். பல அலைவுக்காலங்களுக்கு அதை வரைந்தால் கிடைப்பதே முடுக்க நிறமாலை. கட்டடத்தின் வகை, உயரம், எதிர்பார்க்கும் பயன்பாட்டுக் காலம், அது நின்றுபோனால் விளையும் கேடு ஆகியவற்றை முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டால், பின்வரும் படிகளில் எதை நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்பது தானே புலப்படும்.

இரண்டாம் படி: கடந்த காலத்தைத் திரட்டுங்கள்

இடத்தைச் சுற்றிக் குறைந்தது 200 முதல் 300 கிலோமீட்டர் வரை நிகழ்ந்த நடுக்கங்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். தட்டு அமிழ்வு மண்டலம் (ஒரு புவித்தட்டு இன்னொன்றின் அடியில் அமிழும் இடம்) அருகில் இருந்தால் இன்னும் தொலைவு செல்ல வேண்டியிருக்கும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனமும், பிரிட்டனிலுள்ள சர்வதேச நிலநடுக்கவியல் மையமும் தம் பட்டியல்களை இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. இவற்றோடு அந்தந்த நாட்டு ஆய்வகங்களின் பதிவுகளையும், வரலாற்று ஆவணங்களில் உள்ள பழைய நடுக்கங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் கைக்கு வந்தவுடன் கணக்கிடத் தொடங்கிவிடக் கூடாது. அதை மூன்று வகையில் சுத்தம் செய்ய வேண்டும். முதலாவது, எல்லா அளவுகளையும் திருப்புத்திறன் அளவுக்கு மாற்றுவது. பழைய அளவுகோல்கள் பெரிய நடுக்கங்களில் ஓர் எண்ணுக்கு மேல் ஏறாமல் தேங்கிப்போகும். 1960-ஆம் ஆண்டின் சிலி நடுக்கம், நிலப்பரப்பை ஒட்டி ஓடும் அலைகளைக் கொண்டு அளக்கும் பரப்பலை அளவில் 8.5-ஐ ஒட்டியே நின்றது. திருப்புத்திறன் அளவில் அது 9.5, கருவிகள் பதிந்தவற்றுள் மிகப் பெரியது. இந்த மாற்றத்தைத் தவறவிட்டால் ஆகப் பெரிய நடுக்கங்களையே சிறிதாக எண்ணிவிடுவீர்கள்.

இரண்டாவது, முழுமையைச் சோதிப்பது. நூறு ஆண்டுகளுக்கு முன் 4 அளவு நடுக்கம் ஒன்று நிகழ்ந்திருந்தால் அதைப் பதிவு செய்யக் கருவி அருகில் இருந்திருக்காது. 7 அளவு நடுக்கமாக இருந்தால் யாரேனும் எழுதி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு அளவுக்கும் பட்டியல் எந்த ஆண்டிலிருந்து குறைவின்றி இருக்கிறது என்று கண்டறிந்து, அந்த ஆண்டுக்குப் பிந்தையவற்றை மட்டும் எண்ண வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால், கருவிகள் பெருகியதை நடுக்கங்கள் பெருகியதாக எண்ணிக்கொள்வோம். இந்தத் தவறு செய்திகளில் அடிக்கடி வருகிறது.

மூன்றாவது, பின்னதிர்வுகளைப் பிரிப்பது. பெரிய நடுக்கம் ஒன்று நிகழ்ந்தால் அதைத் தொடர்ந்து எழும் பின்னதிர்வுகளின் எண்ணிக்கை காலம் செல்லச் செல்ல எவ்வாறு குறைகிறது என்பதை ஜப்பானிய அறிவியலாளர் ஃபுசாகிச்சி ஓமோரி 1894-இலேயே வகுத்துச் சொன்னார். வழக்கமான கணக்கு முறை ஒவ்வொரு நடுக்கமும் மற்றதைச் சாராமல் நிகழ்வதாகக் கொள்வதால், பின்னதிர்வுகளை நீக்கிவிட்டு முதன்மை நடுக்கங்களை மட்டும் எண்ணுவது மரபு. ஆனால் இந்த மரபை மனச்சான்றோடு பயன்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. நியூசிலாந்தில் 2010 செப்டம்பரில் நிகழ்ந்த 7.1 அளவு நடுக்கத்தில் உயிரிழப்பு பெரிதாக இல்லை. அதன் தொடராக 2011 பிப்ரவரி 22 அன்று எழுந்த 6.2 அளவு நடுக்கமோ கிறைஸ்ட்சர்ச் நகருக்கு அடியிலேயே, ஆழம் குறைவான இடத்தில் உடைந்து, 185 உயிர்களைக் கொண்டுபோனது. "பின்னதிர்வு" என்று பட்டியலிலிருந்து நீக்கப்படும் வரிசையில்தான் அதுவும் வரும். ஆகவே நீக்கியவற்றைத் தனிப் பட்டியலாக வைத்துக்கொண்டு, அவை விடையை எவ்வளவு மாற்றுகின்றன என்று இன்னொரு முறை கணக்கிட்டுப் பாருங்கள்.

கருவிப் பதிவு நூறு ஆண்டுதான். எழுத்துப் பதிவு சில நூற்றாண்டுகள். பெரிய பிளவுகள் பலவும் இதைவிட நீண்ட இடைவெளியில் உடைபவை. அதனால் மண்ணையே படிக்க வேண்டியிருக்கிறது. பிளவுக்குக் குறுக்கே அகழி தோண்டி, முறிந்த மண்ணடுக்குகளை இனங்கண்டு, அவற்றிலுள்ள கரித்துண்டுகளின் வயதை அளந்து, பழைய நடுக்கங்களுக்குக் காலம் குறிக்கிறார்கள். கெர்ரி சீ என்ற புவியியலாளர் கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவில் பாலட் ஓடை அருகே தோண்டி 1978-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறைக்கே வழிகாட்டியாயிற்று.

வட அமெரிக்காவின் வடமேற்குக் கரை இதைவிட வியப்பானது. அங்கு எழுத்துப் பதிவில் பெரும் நடுக்கமே இல்லை. அதனால் அந்தத் தட்டு விளிம்பு அமைதியானது என்று கருதியவர்கள் இருந்தார்கள். 1987-இல் பிரையன் அட்வாட்டர், கடலோரச் சதுப்பு நிலங்கள் திடீரெனத் தாழ்ந்து கடல் மணலால் மூடப்பட்ட தடங்களை எடுத்துக்காட்டினார். பின்னர் ஜப்பானிய ஆவணங்களில், நிலநடுக்கம் ஏதும் உணரப்படாமல் வந்த ஓர் ஆழிப்பேரலையின் குறிப்பைக் கொண்டு, 1700 ஜனவரி 26 அன்று இரவு அந்தக் கரையில் சுமார் 9 அளவு நடுக்கம் நிகழ்ந்தது என்று நாளையே நிறுவினார்கள். ஒரு கரையில் மண்ணும் எதிர்க்கரையில் தாளும் சேர்ந்து சொன்ன சாட்சி அது.

ஜப்பானிலோ சாட்சி இருந்தும் போதிய நேரத்தில் அது கணக்கில் ஏறவில்லை. 869-ஆம் ஆண்டின் ஜோகன் ஆழிப்பேரலை செண்டாய் சமவெளியில் கடல் மணலை வெகுதூரம் உள்ளே கொண்டுவந்து பரப்பியிருந்ததை ஆய்வாளர்கள் முன்பே கண்டறிந்திருந்தார்கள். ஆயினும் அங்கு 9 அளவு நடுக்கம் எழும் என்று அபாய வரைபடங்கள் கருதவில்லை. 2011 மார்ச் 11 அன்று அது நிகழ்ந்தது. பட்டியலில் இல்லாத ஒன்றை "நிகழாது" என்று எழுதும் முன் இந்த இரண்டு கரைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: நடுக்கம் பிறக்கும் இடங்களை வரையுங்கள்

இனி நிலப்படத்தில் மூலங்களைக் குறிக்க வேண்டும். தெளிவாக அறியப்பட்ட பிளவுகளைக் கோடாகவும் தளமாகவும் வரையுங்கள். நடுக்கங்கள் சிதறிக் கிடந்து பிளவு எதுவென்று சொல்ல முடியாத பகுதிகளைப் பரப்பாக வரையுங்கள்.

ஒரு கற்பனை இடத்தை எடுத்துக்கொள்வோம். இந்தக் கட்டுரை முழுவதும் அதையே பயன்படுத்துகிறேன். ஆற்றுப்படுகையில் அமைந்த அந்த இடத்திலிருந்து 20 கிலோமீட்டர் தொலைவில் 50 கிலோமீட்டர் நீளமுள்ள பிளவு ஒன்று இருக்கிறது. 15 கிலோமீட்டர் ஆழம் வரை அது உடையக்கூடியது. ஒருமுறை உடைந்தால் சராசரியாக 1.5 மீட்டர் நழுவும் என்று கொள்வோம். பரப்பை நழுவலால் பெருக்கி, அதைப் பாறையின் விறைப்புக் குணகமான 3 × 10¹⁰ பாஸ்கலாலும் பெருக்கினால் நடுக்கத் திருப்புத்திறன் கிடைக்கும். இங்கே அது சுமார் 3.4 × 10¹⁹ நியூட்டன் மீட்டர். அதன் பத்தடிமான மடக்கையிலிருந்து 9.1-ஐக் கழித்து, மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் 6.95 வருகிறது. அதாவது இந்தப் பிளவு முழுவதும் உடைந்தால் ஏறத்தாழ 7 அளவு நடுக்கம் எழும்.

முழுவதும் உடைந்தால் என்ற சொற்களைக் கவனியுங்கள். பக்கத்துப் பிளவும் சேர்ந்து உடைந்தால் அளவு மேலும் ஏறும். 2016-இல் நியூசிலாந்தின் கைகோரா நடுக்கத்தில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட பிளவுகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியில் எழுந்த 7.8 அளவு நடுக்கத்தில் 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளம் ஒரே மூச்சில் முறிந்தது. பிளவைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் தனியாகவே உடையும் என்று கொள்வது கணக்குக்கு வசதி. பிளவு அந்த வசதியைப் பார்ப்பதில்லை.

பிளவே அறியப்படாத இடத்துக்கும் பின்னணி மூலம் ஒன்று வைத்தாக வேண்டும். 2010-இல் நியூசிலாந்தில் உடைந்த கிரீன்டேல் பிளவு ஆற்று வண்டலுக்கு அடியில் மறைந்திருந்ததால் அதுவரை எவர் படத்திலும் இல்லை. 1993 செப்டம்பர் 30 அன்று இந்தியாவின் கில்லாரியில் 6.2 அளவு நடுக்கம் நிகழ்ந்தபோது, அந்தத் தீபகற்பப் பகுதி உறுதியானது என்றே எண்ணப்பட்டு வந்தது. இறந்தவர்கள் ஏறத்தாழ 10,000 பேர். பெரிய நீர்த்தேக்கம் அருகில் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1967 டிசம்பரில் கொய்னா அணைப் பகுதியில் நிகழ்ந்த நடுக்கத்துக்குப் பிறகு, தேங்கிய நீர் நடுக்கத்தைத் தூண்டக்கூடும் என்பதை ஆய்வாளர்கள் புறக்கணிப்பதில்லை.

நான்காம் படி: எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று கணக்கிடுங்கள்

சிறிய நடுக்கங்கள் பல, பெரியவை சில. பெனோ குட்டன்பர்க்கும் ரிக்டரும் கண்ட விதி இதைத் துல்லியமாகச் சொல்கிறது: பெரும்பாலான பகுதிகளில் அளவு ஒன்று கூடினால் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. நம் எடுத்துக்காட்டில், குறைவின்றிப் பதிவான 60 ஆண்டுகளில் 4-உம் அதற்கு மேலும் அளவுள்ள நடுக்கங்கள் 120 என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 2 ஆகிறது. அப்படியானால் 5-உம் அதற்கு மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒன்று. 6-உம் அதற்கு மேலும் 50 ஆண்டுகளுக்கு ஒன்று. 7-உம் அதற்கு மேலும் 500 ஆண்டுகளுக்கு ஒன்று.

பிளவுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. செயற்கைக்கோள் அளவீடுகளோ அகழிகளோ அந்தப் பிளவு ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர் நழுவுவதற்கு இணையான இறுக்கத்தைச் சேர்க்கிறது என்று காட்டினால், 1.5 மீட்டர் நழுவலுக்குரிய இறுக்கம் சேர 500 ஆண்டுகள் ஆகும். சான்பிரான்சிஸ்கோவின் 1906 நடுக்கத்தை ஆராய்ந்து ஹாரி ரீட் முன்வைத்த மீள்விசைக் கோட்பாட்டின் எளிய பயன்பாடு இது. இங்கே இரு வழிகளும் ஒரே எண்ணைத் தருவது புரிதலுக்காக நான் அமைத்துக்கொண்டது. உண்மையான இடங்களில் இரண்டும் முரண்படும்போது, முரண்பாட்டை மறைத்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளாமல் இரண்டையும் கணக்கில் எடுத்துச் செல்லுங்கள். ஒரே நடுக்கத்தைப் பிளவுக்கும் பரப்புக்கும் இருமுறை எண்ணிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: தொலைவைக் கடந்து வரும் ஆட்டம்

பிளவில் உடைவு நிகழ்ந்தால் உங்கள் இடத்தில் நிலம் எவ்வளவு ஆடும் என்பதைத் தணிவுச் சமன்பாடுகள் சொல்கின்றன. உலகெங்கும் பதிவான ஆயிரக்கணக்கான முடுக்கப் பதிவுகளிலிருந்து அளவு, தொலைவு, பிளவின் வகை, மண்ணின் தன்மை ஆகியவற்றைக் கொண்டு இவை வகுக்கப்பட்டுள்ளன. தட்டு விளிம்புக்கு வகுத்ததைப் பழமையான கண்ட உட்பகுதிக்குப் பயன்படுத்தாதீர்கள். குளிர்ந்து இறுகிய பாறையில் அலைகள் மெதுவாகவே தணிந்து வெகுதொலைவு செல்கின்றன.

இங்கே புதியவர்கள் கண்ணில் படாமல் போவது சிதறல். 20 கிலோமீட்டரில் 7 அளவு நடுக்கத்துக்குப் பாறையின் மீது உச்ச முடுக்கத்தின் நடு மதிப்பு புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.15 பங்கு என்று சமன்பாடு தருவதாகக் கொள்வோம். அதே அளவும் அதே தொலைவும் கொண்ட நடுக்கங்களில் பாதி இதைவிடக் கூடுதலாகவே ஆட்டும். இயல் மடக்கையில், இந்தச் சிதறலை அளக்கும் திட்ட விலக்கம் 0.6 அளவுக்கு இருப்பது வழக்கம். அதாவது ஒரு திட்ட விலக்கம் மேலே போனால் மதிப்பு 1.8 மடங்காகி 0.27 ஆகிறது. ஆறு நடுக்கங்களில் ஒன்று அதையும் தாண்டும். நடு மதிப்பை மட்டும் எடுத்து வடிவமைப்பது, நாணயம் எப்போதும் தலையாகவே விழும் என்று நம்புவதற்கு ஒப்பாகும்.

ஆறாம் படி: காலடி மண்ணைப் பாருங்கள்

மற்றப் படிகளில் எவ்வளவு உழைத்தாலும் இதைத் தவறவிட்டால் விடை தவறிவிடும் என்பதால், செலவழிக்கக் கொஞ்சமே பணம் இருந்தால் அதை இந்தப் படிக்கே ஒதுக்குங்கள் என்பேன்.

1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோவின் பசிபிக் கரையில் 8 அளவு நடுக்கம் எழுந்தது. தலைநகரம் அதிலிருந்து சுமார் 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அந்தத் தொலைவில் ஆட்டம் ஓய்ந்திருக்க வேண்டும். நகரின் எரிமலைப் பாறைப் பகுதியில் அப்படித்தான் இருந்தது. ஆனால் நகரின் நடுப்பகுதி பழைய ஏரியின் களிமண் படுகையில் எழுந்தது. அங்கே பதிவான உச்ச முடுக்கம் பாறை மீது பதிவானதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. களிமண் சுமார் 2 விநாடிக்கு ஒருமுறை ஊஞ்சலாக ஆடியதால், அந்த ஆட்டத்துக்கு இசைந்த இடைநிலை உயரக் கட்டடங்களே பெரும்பாலும் இடிந்தன. குட்டையான பழைய கட்டடங்கள் பலவும் மிக உயரமானவையும் தப்பி நின்றன.

மண்ணடுக்கின் அலைவுக்காலத்தைக் காகிதத்தில் கணக்கிடலாம்: அடுக்கின் தடிமனை நான்கால் பெருக்கி, அதில் எஸ் அலை (தான் செல்லும் திசைக்குக் குறுக்கே நிலத்தை ஆட்டும் அலை) செல்லும் வேகத்தால் வகுக்க வேண்டும். 40 மீட்டர் களிமண்ணில் வேகம் விநாடிக்கு 80 மீட்டர் என்றால் 2 விநாடி வருகிறது. நம் கற்பனை இடத்தில் 30 மீட்டர் மண்ணும் விநாடிக்கு 150 மீட்டர் வேகமும் என்றால் 0.8 விநாடி, முதல் படியில் பார்த்த எட்டு மாடிக் கட்டடத்தின் அலைவுக்காலமும் அதுவே. அந்த மனையில் எட்டு மாடி எழுப்ப நினைப்பவரிடம் இந்த இசைவைச் சொல்லியே ஆக வேண்டும்.

நடைமுறையில், மேல் 30 மீட்டரில் எஸ் அலையின் சராசரி வேகத்தைக் கொண்டு மண்ணை வகைப்படுத்துகிறார்கள். அமெரிக்க விதிகளில் நெடுங்காலமாக வழங்கிவந்த பாகுபாட்டின்படி, விநாடிக்கு 760 மீட்டருக்கு மேல் பாறை; 360 முதல் 760 வரை மிக இறுகிய மண்ணும் மென்பாறையும்; 180 முதல் 360 வரை விறைத்த மண்; 180-க்குக் கீழ் மென்மண். வேகத்தை அளக்க, சுத்தியலால் தரையில் அடித்து வரிசையாக வைத்த உணரிகளில் பரப்பலையைப் பதிவு செய்யும் முறை பரவலாகப் பயன்படுகிறது. துளையிட்டு எஸ்.பி.டி. எண் (குழாயை மண்ணில் இறக்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்ற எண்ணிக்கை) எடுப்பது இன்னும் பழக்கமானது. அதிலிருந்து வேகத்தை ஊகிக்கலாம், ஆயினும் நேரடி அளவீட்டுக்கு அது ஈடாகாது.

துளையிடும்போது நிலத்தடி நீர்மட்டத்தையும் தவறாமல் குறியுங்கள். தளர்வான மணல் நீரில் ஊறியிருந்தால், ஆட்டத்தில் மணல்மணிகளுக்கு இடையே நீரழுத்தம் ஏறி, மண் தன் வலுவை இழந்து கூழாகிவிடும். ஜப்பானின் நீகாட்டாவில் 1964-இல் அடுக்குமாடிக் குடியிருப்புகள் சுவர் உடையாமலே சாய்ந்து படுத்தன. மண் நீர்மமாவதைப் பொறியாளர்கள் தீவிரமாக ஆராயத் தொடங்கியது அதன் பிறகுதான். 1971-இல் சீடும் இத்ரிஸும் வகுத்த எளிய சோதனை முறை, திருத்தங்களுடன் இன்றும் முதற்கட்ட ஆய்வுக்குப் பயன்படுகிறது.

ஏழாம் படி: எல்லாவற்றையும் ஒன்றாகச் சேருங்கள்

சேர்ப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. மிகப் பாதகமான பிளவு ஒன்றைத் தேர்ந்து, அது மிக அருகில் உடைந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பது நிர்ணய முறை. எல்லா மூலங்களையும், எல்லா அளவுகளையும், சிதறலையும் அவற்றின் நிகழ்தகவோடு கூட்டுவது நிகழ்தகவு முறை. இதற்கு அடித்தளம் அமைத்தது ஆலின் கார்னெல் 1968-இல் வெளியிட்ட கட்டுரை. இன்று ஓப்பன்குவேக் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்கிறது. அதைத் திறக்கும் முன் ஒரு முறையாவது கையால் கணக்கிட்டுப் பாருங்கள்.

நம் பிளவு 500 ஆண்டுக்கு ஒருமுறை உடைகிறது. உடைந்தால் 0.15-ஐத் தாண்ட வாய்ப்பு பாதி. ஆகவே இந்தப் பிளவால் 0.15-ஐத் தாண்டும் ஆட்டம் 1,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை. 0.27-ஐத் தாண்ட வாய்ப்பு 16 விழுக்காடு. ஆகவே அது 3,100 ஆண்டுகளுக்கு ஒருமுறை. பின்னணி மூலங்களாலும் 0.15-ஐத் தாண்டுவது 1,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று கண்டால், இரண்டும் சேர்ந்து 500 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆகிறது. 50 ஆண்டுகளில் ஒரு முறையேனும் அது நிகழும் நிகழ்தகவு ஏறத்தாழ 9.5 விழுக்காடு. பல முடுக்கங்களுக்கு இப்படியே கணக்கிட்டுப் புள்ளிகளை இணைத்தால் அபாய வளைகோடு கிடைத்துவிடும். மென்பொருள் செய்வதும் இதைத்தான். ஆயிரக்கணக்கான மூலங்களுக்குச் செய்கிறது.

எந்தச் சமன்பாடு சரி, பிளவின் உச்ச அளவு 7-ஆ 7.4-ஆ என்பவை போன்ற ஐயங்களைத் தர்க்க மரமாக வரையுங்கள். ஒவ்வொரு கிளைக்கும் ஓர் எடை கொடுத்து, எல்லாக் கிளைகளிலும் கணக்கிட்டு, விடைகளின் பரவலைக் காட்டுங்கள். அறிஞர்கள் ஒத்துப்போகாத இடத்தில் ஒரே ஒரு கோட்டை வரைந்து கொடுப்பது நேர்மையாகாது.

எட்டாம் படி: விடையைச் சரியாகப் படியுங்கள்

கட்டட விதிகளில் அடிக்கடி வரும் இரு மீள்வருகைக் காலங்கள் 475 ஆண்டும் 2,475 ஆண்டும். முதலாவது 50 ஆண்டுகளில் தாண்டப்பட 10 விழுக்காடு வாய்ப்புள்ள ஆட்டம். இரண்டாவது 2 விழுக்காடு. "475 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும், போன நூற்றாண்டில் வந்துவிட்டதால் இனிக் கவலையில்லை" என்று இதைப் படிப்பது பெரும் பிழை. இந்த முறையில் ஒவ்வோர் ஆண்டும் வாய்ப்பு ஒன்றேதான். 475 ஆண்டுகள் முழுதும் காத்திருந்தாலும் அது நிகழும் நிகழ்தகவு 63 விழுக்காடே.

அடுத்து, விடையைப் பகுத்துப் பாருங்கள். வந்த அபாயத்தில் எந்தத் தொலைவிலுள்ள, எந்த அளவு நடுக்கங்களின் பங்கு எவ்வளவு என்று மென்பொருள் பிரித்துக் காட்டும். குட்டைக் கட்டடங்களுக்கு அருகிலெழும் நடுத்தர நடுக்கங்களும், உயர்ந்த கட்டடங்களுக்குத் தொலைவிலெழும் பெரும் நடுக்கங்களும் முதன்மையாக இருப்பதைப் பல இடங்களில் காண்பீர்கள். வடிவமைப்பாளர் சோதனைக்குத் தேர்ந்தெடுக்கும் முடுக்கப் பதிவுகள் இந்தப் பகுப்பை ஒட்டியே அமைய வேண்டும்.

பிறகு, வரலாற்றோடு ஒப்பிடுங்கள். பழைய ஆவணங்கள் காட்டும் தீவிரங்கள் உங்கள் வளைகோட்டோடு பொருந்துகின்றனவா? சில நிலப்பகுதிகளில் இயற்கையே ஒரு சோதனைக் கருவியை வைத்திருக்கிறது. பல ஆயிரம் ஆண்டுகளாகக் குறுகிய அடியில் தொற்றி நிற்கும் பாறைகளை ஜேம்ஸ் புரூன் அமெரிக்காவில் ஆராய்ந்தார். உங்கள் மாதிரி சொல்லும் ஆட்டம் உண்மையிலேயே வந்திருந்தால் அந்தப் பாறை உருண்டிருக்கும் என்றால், மாதிரி மிகைப்படுத்துகிறது என்று பொருள்.

அறிக்கை எழுதும்போது

எண்ணைத் தனியே எழுதாதீர்கள். "0.15" என்று மட்டும் எழுதினால் படிப்பவர் அதைப் பாறைக்கு உரியதா மண்ணுக்கு உரியதா என்று அறிய மாட்டார், இரண்டு மடங்கு பிழைகூட அதிலிருந்து தொடங்கலாம். எந்த மண் வகைக்கு, எந்த அலைவுக்காலத்துக்கு, எந்த மீள்வருகைக் காலத்துக்கு என்ற மூன்றும், கிளைகளின் பரவலும் எண்ணோடு ஒரே வரியில் இருக்க வேண்டும். பட்டியல் எந்த நாள்வரை சேர்க்கப்பட்டது, எந்தச் சமன்பாடுகள் பயன்பட்டன, எந்தப் பிளவைப் பற்றி நேரடி ஆய்வு இல்லை என்பதையும் எழுதுங்கள். உங்கள் எண் அந்நாட்டுக் கட்டட விதி கூறுவதைவிடக் குறைவாக வந்தால், விதியின் எண்ணுக்குக் கீழே இறங்காதீர்கள். கூடுதலாக வந்தால் அதை மறைக்காதீர்கள். அருகில் பெரிய நடுக்கம் நிகழ்ந்தாலோ, புதிய பிளவு கண்டறியப்பட்டாலோ, விதி திருத்தப்பட்டாலோ மதிப்பீட்டை மறுபடி செய்ய வேண்டும் என்ற வரியை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே, நாளிட்டு எழுதி வையுங்கள்.